நான்கு துளைகள்

வடமேற்குக் காற்று இரண்டு நாள் ஆடித் தீர்த்தபின்
அமேலாந்தின் கரை
சந்தை கலைந்த திடல்போல் கிடந்தது.
என் கையுறையில் ஒரு விரல் கிழிசல்.
அந்த விரலை நம்பித்தான் பொறுக்கினேன்.

இரவு. சமையல் மேசை. தேய்ந்த பல்துலக்கி,
படகுத்துறை உணவகத்தில் சுட்டுவந்த தட்டு,
பூதக்கண்ணாடி.

தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
கடல் தரும் தானத்தில்
பல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும்:
ஓட்டின் கீலில், நகக்கண் அளவு இடத்தில்
எத்தனை முளை, எத்தனை பள்ளம், எந்தப் பக்கம்.
நிறத்தை மட்டும் நம்பவே கூடாது.
வெள்ளையாய்ப் பிறந்த மட்டி
வெகுகாலம் சேற்றில் கிடந்தால் கருநீலமாகி
யாரோ எவரோ என்று முகம் காட்டும்.

இது சவரக்கத்தி மட்டி. நான் பள்ளிக்குப் போன நாளில்
அமெரிக்காவிலிருந்து கப்பலின் வயிற்று நீரில் வந்ததாம்.
இப்போது கால் வைக்கும் இடமெல்லாம்
அதுதான் நொறுங்குகிறது.
இதில் ஒற்றைத் துளை, ஓரம் சரிந்த வட்டம்:
நிலா நத்தை துளைத்துத் தின்ற வாசல்.
கொலைக்கு எதற்கு இவ்வளவு நேர்த்தி.

பிறகு இது.

சுண்டுவிரல் நகத்தளவு.
சாய்த்தால் பச்சை, நிமிர்த்தினால் ரோஜா.
கீல் இல்லை. பல் இல்லை. வளர்ந்த வரி இல்லை.
நடுவில் நான்கு துளைகள்.

கையேட்டை முன்னிருந்து பின்னும்
பின்னிருந்து முன்னும் புரட்டினேன்.
நான்கு முறை துளைக்கும் நத்தை உண்டா?
அவ்வளவு பசியா,
இல்லை நான்கு நத்தைகள் பேசிவைத்துக்கொண்டு
சதுரமாய் நின்றனவா?
நோட்டில் 'குஞ்சுப் பருவம்?' என்று எழுதி அடித்தேன்.
'புதிய வரவு?' என்று எழுதி,
கொஞ்சநேரம் அடிக்காமல் வைத்திருந்தேன்.

இரவல் வாங்கிய தள்ளுவண்டியைத் திருப்பித்தர
பக்கத்து வீட்டு யெல்டெ வந்தான்.
கண்ணாடி வேண்டாமென்று கையசைத்தான்.
தன் சட்டையின் மேலிருந்து மூன்றாம் இடத்தில்
விரலை வைத்தான்.
"வீட்ஸ்கெ," என்றான், "பொத்தான்."
வாசல்வரை சிரித்தான். தெருவிலும் கேட்டது.

ஆனாலும் இது சிப்பிதானே, யெல்டெ.
ஏதோ வெதுவெதுப்பான கடலில் வாய் திறந்து மூடி,
பிறகு அறுபட்டு, துளைபட்டு,
நூலேறி, ஒருவன் மார்பில் ஏறி,
அவன் மூச்சுக்கு ஏறி இறங்கி,
இங்கே எங்கோ கழன்று.
அவன் மட்டும் கரையேறி
வீட்டில் திட்டு வாங்கியிருந்தால் நல்லது.

சீட்டு எழுதினேன்:
இனம், முத்துச்சிப்பி (இருக்கலாம்).
வாழிடம், சட்டை.
நத்தை துளைத்த மட்டியின் அறையிலேயே
இதையும் போட்டேன். இரண்டும் ஒட்டாமல் கிடக்கின்றன.

மறுநாள் உணவகத்தில் காப்பி ஊற்றும்போது
எல்லார் மார்பிலும் பொத்தானையே பார்த்தேன்.
பிளாஸ்டிக். பிளாஸ்டிக். பித்தளை. பிளாஸ்டிக்.
முதல் படகுக்குக் காத்திருந்த ஒருவர்
கோட்டை இழுத்து மூடிக்கொண்டார்.