ஏழாம் முனை

கறண்ட் போய்ப் பதினொரு நிமிஷம்.
யூபிஎஸ் கீச்சிடுது, ஒரே சுருதியிலை.
பால் கேக்கிற ஆட்டுக்குட்டியும் இடைக்கிடை மூச்சு விடும்.
டீசல் கேட்டு நான் எழுதின கடிதம்
நிதிக்கிளையிலை மூண்டு கையெழுத்தோடை நிக்குது.
நாலாவது ஆள் லீவு.

டோர்ச்சை வாயிலை கவ்விக்கொண்டு
றாக்கைக்கு முன்னாலை குந்துறன்.
எட்டு சேர்வர். ஆறு நாங்கள் வாங்கினது,
இரண்டு, ஏதோ குளிர் ஊர்ப் பல்கலைக்கழகம்
தனக்குப் பழசெண்டு அனுப்பினது.
பங்குனி பிறந்தால் முதலிலை மயங்கி விழுறதும் அதுகள்தான்.

கஜவதனியின்ரை கணக்கு ஒன்பது நாளாய் ஓடுது.
சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை
உப்புத்தண்ணி எந்தப் பக்கம் ஊருது எண்ட கணக்கு.
குடாநாட்டைச் சதுரம் சதுரமாய் வெட்டி
ஒவ்வொரு சதுரத்திலையும் ஒரு கிணறு கற்பிச்சு
அறுபது மாரிக்கு மழை பெய்விக்கிறாள்.
அவ்வளவு மழையும் ஏழாம் முனையிலைதான் பெய்யுது.
அதின்ரை காத்தாடி ஒரு மாசமாய் முனகுது.
மாத்தக் கேட்டதும் ஒரு கடிதம்.

ஒண்டே முக்காலுக்கு மெசேஜ்:
அக்கா, விழுந்திட்டுதோ?
இன்னும் இல்லை.
எவ்வளவு நேரம் இருக்கு?
எட்டு நிமிஷம்.
பிறகு மூண்டு புள்ளி துடிச்சுது, நிண்டுது.
திருப்பித் துடிச்சுது.
ஒண்டும் வரேல்லை.

எல்லாம் எரிஞ்சால் எட்டு.
ஏழாவது மட்டுமெண்டால் ஒண்டரை மணித்தியாலம்.
இது பெரிய கணிதம் இல்லை.

மின்னஞ்சலை நிப்பாட்டினன்.
கோப்புகள், பரீட்சைப் புள்ளிகள்,
குளிர் ஊர்க்காரர் இரண்டு பேர்.
கடைசியாய் ஸ்விச்.
நீல வயரிலை றெஜிகரன் எண்டு பேனையாலை எழுதிக் கிடக்கு.
அவன் போய் ஏழு வருஷம். அந்த வயர் எங்கை போகுதெண்டு
அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.
இழுத்தன்.
கடலுக்குக் கீழாலை அவ்வளவு தூரம் வந்த உலகம்
எங்கடை வாசலிலை நிண்டு
தட்டிப்போட்டுத் திரும்பிப் போகட்டும்.

ஒரு பச்சைப் பொட்டு.
அதைத் தவிர அறையிலை ஒண்டுமில்லை.
ஏசி செத்த பிறகும்
அதுக்குக் கீழை வைச்ச வாளியிலை
சொட்டு, நேரம் எடுத்து, இன்னொரு சொட்டு.
கதவைத் திறந்தன். காத்து வந்துது,
உவரோடை. இந்தக் காத்துத்தான்
வருஷத்துக்கு நாப்பது முனைக்குப் பாசி பிடிக்க வைக்கிறது.
இண்டைக்கு வரட்டும், பரவாயில்லை.

ஒரேயொரு தரம் திரையைப் போட்டுப் பாத்தன்.
எண்கள் ஓடுது. முப்பத்தோராம் மாரி.
பாக்கக் கூடாது எண்டுதான் இருந்தனான்.
கோப்பாய் எந்த வரிசை, எந்த நிரல் எண்டு
விரலாலை எண்ணினன்,
தரவைக்குப் போற ஒழுங்கையிலை மூண்டாம் வளவு,
பின்பக்கம், தேசிக்காய் மரத்தடி.
கற்பிச்ச கிணறு இல்லை, கட்டின கிணறு.
அதுக்கு நேரே ஒரு எண் நிண்டுது.
இரண்டு தசமம்.
திரையை நிப்பாட்டினன். மின்சாரம் மிச்சம்.

மூண்டு அஞ்சுக்குக் கறண்ட் வந்துது.
எல்லாக் காத்தாடியும் ஒருமிக்க எழும்ப
அறை ஒரு தரம் அதிர்ந்துது.
றெஜிகரனைத் திருப்பிக் கொழுவினன்.
ஓடுது எண்டு அவளுக்கு எழுதினன்.
அவள் ஒரு அழுகைப் படம் அனுப்பினாள்,
அது சிரிப்பெண்டு எனக்கு விளங்கும்.
அந்த எண்ணைப் பற்றி எழுதேல்லை.

ஏழு மணிக்குப் பீடாதிபதி:
நேற்றிரவு துறையின் இணையம் துண்டிக்கப்பட்டமைக்கான
விளக்கத்தை எழுத்து மூலம் தரவும்.
பராமரிப்பு எண்டு ஒரு சொல் எழுதி அனுப்பினன்.

வீட்டை வந்து துலா இல்லாத கிணத்திலை
மோட்டரைப் போட்டு ஒரு செம்பு பிடிச்சன்.
வாயிலை வைச்சு வைச்சுப் பாத்தன்.
தேத்தண்ணிக்குச் சீனி
ஒரு கரண்டி கூடப் போட்டன்.