எட்டு மணி

நாந்த் நகருக்குத் தெற்கே
நெகிழிக் கூடாரங்களுக்குள்
ஏப்ரலை விரட்டிக்கொண்டிருந்தோம்.
மே முதல் தேதி விடிவதற்குள்
மியூகே பூத்தாக வேண்டும்.
ஒரு நாள் பிந்தினால் அது புல்.
வெயில் ஏறினால் நிழல்வலை,
பனி இறங்கினால் போர்வை.
பூவுக்கு.

எங்களுக்குக் குனிந்தால் குனிந்ததுதான்.
காம்புக்கு ஒன்பது மணி, பத்து மணி,
நாவில்லாத வெள்ளை மணிகள்
தலைகீழாய்.
"கையுறையைக் கழற்றாதே" என்பான் கங்காணி லோயிக்,
"இது நின்ற தண்ணீரும் நஞ்சு."

பதின்மூன்று மணி வைத்த காம்பு அதிர்ஷ்டமாம்.
தனியே வை, அதற்கு விலை வேறு.
ஸ்த்ராவ்கா ஒரே காலையில் மூன்று கண்டாள்.
அதிர்ஷ்டம் அவள் கையை விட்டுப்
பெட்டிக்குள் போக
இரண்டு நொடி.

யூனியன் துண்டறிக்கையில் ரொட்டி சுற்றி வந்திருந்தேன்.
எண்ணெய் குடிக்காத பாதியை
அவளுக்குப் படித்துக் காட்டினேன்:
சிகாகோவில் தொடங்கியது.
இங்கே பூவுக்கு முன்னால்
சட்டையில் குத்தியது ஒரு சிவப்பு முக்கோணம்.
ஒரு பக்கம் எட்டு மணி உழைப்பு,
ஒரு பக்கம் எட்டு மணி உறக்கம்,
மூன்றாவது பக்கம்
எண்ணெயில் போய்விட்டது.
அப்புறம் வடக்கே, ஃபுர்மி என்ற நூற்பாலை ஊர்,
மே முதல் தேதி, துப்பாக்கி,
ஒன்பது பேர்.
அதில் ஒருவன் சிறுவன்.
"மூன்றாவது பக்கம் என்ன?" என்றாள்.
அதற்குள் விசில்.

முப்பதாம் தேதி மாலை
ஒப்பந்தம் முடிந்தது எங்களுக்கு.
சம்பளத்தோடு விடுமுறை
மறுநாள்.

மறுநாள் டிராம் ஓடவில்லை.
கடைகள் அடைப்பு.
இன்றைக்கு மட்டும் யாரும் தெருவில் பூ விற்கலாம்,
வரி கிடையாது;
மூலைக்கு மூலை மடக்குமேசை, வாளி, பிள்ளைகள்.
ஊர்வலம் வளைந்து திரும்பிய இடத்தில்
ஒரு பையன் ஸ்த்ராவ்காவிடம்
நாங்கள் பறித்ததையே நீட்டினான்.
"பதின்மூன்று இருக்கு, எண்ணிக்கோங்க. மூன்று யூரோ."
அவள் வாளிக்குள் கைவிட்டாள்,
கையுறை இல்லாமல்.
ஒவ்வொரு காம்பாய்த் தூக்கி எண்ணினாள்,
பையன் முகம் சுளிக்கும்வரை.
கடைசியில் எடுத்தது ஒரு சோனிக் காம்பு.
"இதற்கு ஒன்று கொடுங்க போதும்" என்றான்.

மேளங்கள் எங்களைத் தாண்டிப் போய்விட்டன.
வராத டிராமின் நிறுத்தத்தில்
உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.
இடுப்பைப் பிடித்துக்கொண்டு
ஒரு முறை, மெதுவாக, முழுதாக நிமிர்ந்தாள்.
"மணி என்ன?" என்றேன்.
உச்சி வெயில் சாய்ந்திருந்தது.
அவள் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை,
சட்டையில் குத்தியிருந்ததைப் பார்த்தாள்.

"எட்டு."