நிகர எடை

குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில்
மாசிலாமணி மாமா விழுந்ததை
மூன்று நாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்கள்.
முழங்கையில் ஏழு தையல்.
தண்டவாளத்துக்கு நடுவே உருண்டுபோன கத்தரிக்காய்தான்
அவருக்குப் பெரிய விசாரம்.
"அரைக் கிலோட்டி. வெள்ளைக் கத்தரிக்கா.
ஒண்ணுகூடச் சொத்தை கிடையாது."

ஆப்பைப் பற்றி ஆரம்பித்ததும்
போனில் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்.
பிறகு,
"மொகம் தெரியாதவன் நிறுத்துப் போட்டதை
நான் திங்கணுமாக்கும்."

முத்திரை ஆய்வாளராக முப்பத்தொரு வருஷம்.
எடைக்கல்லைக் கவிழ்த்து
அடிக்குழியில் ஈயம் சுரண்டியிருப்பதைக்
கட்டைவிரல் நகத்தால் கண்டுபிடிப்பார்.
ரிட்டயராகிப் பதினெட்டு வருஷம் கழித்தும்
தெற்கு பஜாரில் அவர் நுழைந்தால்
தராசுத் தட்டு ஒரு பிடி கூடுதலாகத் தாழும்.
அந்தப் பிடியை அள்ளித்
திரும்பச் சாக்கில் போட்டுவிட்டுத்தான்
பையை விரிப்பார்.
"அவன் பயத்துல போடுதான், இவுக வீம்புல எடுக்காக,
நடுவுல எனக்கு உலை கொதிக்கி"
என்பாள் கிரேஸ் மாமி, இருந்தவரைக்கும்.

கெஞ்சிப் பார்த்தேன்.
ஓசூரிலிருந்து எத்தனை தடவை லீவு போட்டு வர முடியும் மாமா
என்று சொல்லக் கூடாததையும் ஒரு நாள் சொன்னேன்.
"சரிட்டி" என்று வைத்துவிட்டார்.
அந்தச் சரிட்டியோடு ராத்திரி
எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு கேட்காமலே அனுப்பிவிட்டேன்.
உளுந்து ஒரு கிலோ, துவரம்பருப்பு அரை,
நல்லெண்ணெய்,
கருப்பட்டி என்று அவர்கள் நம்புகிற ஏதோ ஒன்று.

மத்தியானம் போன் வந்தது.
திட்டு வாங்கத் தோதாக நின்றுகொண்டே எடுத்தேன்.
"ஏட்டி, உளுந்துல பதினாறு கிராம் குறையுது."

பரணில் கிடந்த தராசை
எதிர்வீட்டு லூர்துவின் மகனை ஏற்றி இறக்கியிருக்கிறார்.
ஃபேனை அணைத்து, ஜன்னலைச் சாத்தி,
வெறும் கவரைத் தனியாக ஒரு தடவை,
உளுந்தை மூன்று தடவை.
"நிகர எடைன்னு அச்சடிச்சிருக்கான்.
நிகரம்னா என்னன்னு தெரியுமாட்டி அவனுக்கு?"

அவர் சொல்லச் சொல்லப் புகார் தட்டினேன்.
பொருள். பேட்ச் நம்பர். கண்ட குறைவு.
சாட்சி: லூர்துவின் மகன், ஒன்பதாம் வகுப்பு.
அரை மணி நேரத்தில் கம்பெனிக்காரன்
மன்னிப்புக் கேட்டு
முழு நூற்று நாற்பத்தெட்டு ரூபாயையும் அனுப்பிவிட்டான்.

அதற்குத்தான் மாமா நிஜமாகவே கோபப்பட்டார்.
"பதினாறு கிராமுக்கு எவனாவது முழு ரூவாயும் குடுப்பானா?
ரெண்டு ரூவா முப்பத்தேழு பைசாவை எடுத்துக்கிட்டு
மிச்சத்தைத் திருப்பி அனுப்பு."
அனுப்ப வழியில்லை.
அள்ளின பிடியைப் போடுவதற்கு
ஆப்பில் சாக்கு இல்லை.

"அப்போ அடுத்த செவ்வாக்கிழமையும் வரச் சொல்லு.
எப்படி நிக்கான்னு பாப்போம்."

இப்போது ஒரு நீள நோட்டு.
கோடு போட்டுப் பத்தி பிரித்தாயிற்று.
கொண்டுவருகிற முப்பிடாதி
முதல் வாரம் ஹெல்மெட்டைக் கழற்றாமல்
நேரமாச்சு சார், நேரமாச்சு சார் என்றாளாம்.
நாலாவது வாரம்,
"எங்க வீட்டு கேஸ் சிலிண்டரையும் நிறுத்துத் தாரீங்களா?"
அவ்வளவு பெரிய தராசு யாரிடம் இருக்கிறதென்று
மாமா பாளையங்கோட்டை முழுக்க விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

கத்தரிக்காய்க்கு மட்டும் அவரே போகிறார்.
"அதை நிறுத்தா ஆச்சா? அமுக்கிப் பாக்கணும்லா?"
கேட் சாத்தியிருந்தால் நிற்பதாக
எனக்கு வாக்கு.

ஓடிபி என் போனுக்குத்தான் வரும்.
செவ்வாய் பதினொரு மணிக்கு
மீட்டிங்கிலிருந்து எழுந்து வெளியே வருவேன்.
நோட்டில் கடைசிப் பத்தி அதற்குத்தான்.
தலைப்பு: முத்திரை எண்.

"நாலு, சைபர், ஏழு..."
"பொறுட்டி, பொறு.
கண்ணாடியை எங்க வச்சேன்."