தாய்க்கோழி

பாகம் பிரித்தபோது தாங்கி அவனுக்கு,
லென்ஸ் எனக்கு.
விண்மீன்களோடு சேர்ந்து மெல்லத் திரும்பும் அந்தத் தாங்கி இல்லாமல்
என் லென்ஸ் வெறும் கண்ணாடிக் குப்பி.
அவனுடையதோ
எதையும் சுமக்காமல் சுற்றும் முக்காலி.
வால்மீன் வருகிறது என்று செய்தி வந்தபோது
லோராந்த் ஒரே வரிதான் எழுதினான்:
“வெள்ளி இரவு. காரில் இடமிருக்கிறது.”

ஹோர்தோபாஜ் சமவெளியின் வாயிலில்
காவலுக்கு நின்ற கிங்கா கேட்டாள்:
தனித்தனிச் சீட்டா, குடும்பச் சீட்டா?
குடும்பம் என்றால் எண்ணூறு ஃபோரிண்ட் மிச்சம்.
“குடும்பம்” என்றான் அவன்,
பணப்பைக்குள் பார்த்தபடி.
நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விளக்கே இல்லாத நிலம்.
துலாக்கிணற்றின் நெடுங்கழி எங்கே முடிகிறது என்பதை
அது மறைத்த விண்மீன்களை வைத்துத்தான் கண்டேன்.
மூச்சு மட்டும் கேட்கும் சாம்பல் மாடுகள்.
மீன்குளங்களில் ஆயிரக்கணக்கான நாரைகள்,
நின்றபடியே தூக்கம்;
நடுநடுவே ஒன்று மட்டும்
எதையோ மறுத்துக் கத்தும்.

கார்த்திகைக் கொத்தை இங்கே தாய்க்கோழி என்பார்கள்.
ஐந்து குஞ்சு எண்ணினேன். அவன் ஏழு என்றான்.
எப்போதும் அவனுக்கு இரண்டு அதிகம்.
அதற்குக் கீழே, நீட்டிய கையில் இரண்டு விரல் தள்ளி,
ஊதி அணைத்த திரியின் புகைபோல ஒன்று.
நேரே பார்த்தால் இல்லை.
ஓரக்கண்ணுக்கு உண்டு.
வால் எங்கே என்றேன்.
தனக்குப் பின்னால் நீட்டியிருக்கிறது,
நமக்குத் தெரியாது என்றான்.
கோழியை நெருங்கும் நரி
வேறு எப்படி வரும்.

படம் ஒன்றுக்கு அறுபது நொடி.
பனி படியாமலிருக்க லென்ஸுக்கு என் கம்பளிக் காலுறை,
உள்ளே வெப்பப் பொட்டலம் இரண்டு.
ஒரு காலில் உறையில்லாமல் நின்றேன்.
அவன் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை;
காரிலிருந்து கால்மிதியை உருவி வந்து போட்டான்.
ஒன்பதாவது படத்தில் கிங்காவின் ரோந்து வண்டி,
முழு வெளிச்சத்தோடு.
லோராந்த் பாய்ந்து இரு கைகளாலும் லென்ஸை மூடினான்,
காற்றுக்குத் தீபத்தை மறைப்பதுபோல.

நாற்பத்தொன்றில் மூடுபனி.
முதலில் கிணறு போயிற்று,
பிறகு மாடுகள்,
பிறகு கோழி.

வீட்டில், கணினி முன்:
விண்மீன்களைப் பொருத்தி அடுக்கினால்
வால்மீன் பச்சைத் தீற்றலாய்க் கரைகிறது.
வால்மீனைப் பொருத்தி அடுக்கினால்
குஞ்சுகள் எல்லாம் கீறலாகின்றன.
அவன் அனுப்பியதில் குஞ்சுகள் கூர்மை.
நான் அனுப்பியது மற்றது.
இரண்டையும் ஒட்டவைக்க ஒரு வழி இருக்கிறதாம்,
எழுதியிருந்தான்,
கொஞ்சம் பொய்தான், ஆனாலும் எல்லோரும் செய்கிறார்கள்.

ஒன்பதாவதை நான் எதிலும் சேர்க்கவில்லை.
அழிக்கவுமில்லை.
ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம், மற்றபடி
சட்டம் முழுக்க ஓர் உள்ளங்கையின் சிவப்பு.

கடைசியில் கேட்டிருந்தான்:
உன் லென்ஸின் வளையம் என் தாங்கியிலேயே தங்கிவிட்டது,
தபாலில் அனுப்பட்டுமா?

தபால் வேண்டாம், தொலையும் என்று எழுதினேன்.
காலுறையும் அங்கேதான் கிடக்கிறதா, பார்.