காப்பிப்பொடி கலர்

எம்.சி. ரோட்டில் எங்கள் கடை
பிளவுஸ் பிட்டுக்கு மட்டும்.
தரையிலிருந்து கூரை வரை தட்டுகள்.
ஏணி ஏறினால் பச்சை, குனிந்தால் சிவப்பு,
மார்பு உயரத்தில், கை நீட்டினால் எட்டுகிற இடத்தில்
காப்பி.

மில்லிலிருந்து வரும்போது எண்தான் இருக்கும்.
நானூற்றுப் பன்னிரண்டு. நானூற்றுப் பதினாலு.
எண்ணைச் சொல்லி யாரும் துணி கேட்டதில்லை.
பழுப்பு என்றும் கேட்டதில்லை.
பழுப்பு என்றால் துவைத்துத் துவைத்துப் போன வேட்டி,
பழைய கடுதாசி, பல்.
வாசலில் செருப்பை விடும்போதே சொல்வார்கள்:
"காப்பிப்பொடி கலர்ல ஒரு மீட்டர் குடும்மா."

எந்தக் காப்பி என்பதுதான் என் வேலை.
முதல் டிகாஷன், கறுப்புக்கு ஒரு விரல் முன்னால்.
இரண்டாம் டிகாஷன், தூக்கிப் பிடித்தால் உள்ளே சிவப்பு ஓடும்.
பால் காப்பி.
வட்டி கேட்க வந்தவருக்குப் போட்ட காப்பி.
டம்ளர் அடியில் காய்ந்து வட்டமாய் நிற்பது.
ஸ்டான்லி வாசலில் விடிகாலை மூணு மணிக்குக் குடித்தது ஒன்று;
அந்தக் கட்டைக் கேட்டால் மட்டும் எடுப்பேன்.

ட்யூப்லைட் பொய் சொல்லும்.
அதனால் துணியோடு தெருவுக்கு இறங்கிவிடுவார்கள்,
ஷேர் ஆட்டோவுக்கும் மாங்காய்ப் பத்தை வண்டிக்கும் நடுவில்
சேலையும் பிட்டும் வெயிலுக்குக் காட்டியபடி.
கல்லாவிலிருந்து கலீல் பாய் எட்டி எட்டிப் பார்ப்பார்.
பதினோரு வருஷத்தில் ஒருத்தியும் ஓடியதில்லை.

தவக்காலம் முடிந்த திங்களன்று
காசிமேட்டிலிருந்து ஜெசிந்தா வந்தாள்.
கல்யாண பிளவுஸ். முதுகுக்கு
ஸ்கின் கலர் நெட்.
எடுத்துப் போட்டேன்,
எல்லோருக்கும் எடுத்துப் போடுகிற அதே கட்டை.
அதன்மேல் முழங்கையை வைத்தாள்.
"யாரு ஸ்கின்னுக்கா இது?"

அன்றுதான் நானும் பார்த்தேன்.
ரோஜா கலந்த சந்தனம்.
அந்தத் தோலோடு இந்தத் தெருவில் ஒருத்தி
நடந்துபோய்ப் பார்த்ததில்லை.
கடைப் பொம்மைகளுக்கு இருக்கிறது. ஏழுக்கும்.

"பவுடர் போட்டா சரியாப் பூடும்" என்றாள் அவள் அக்கா.
ஜெசிந்தா கையை எடுக்கவில்லை.

காப்பித் தட்டையே இறக்கினேன்.
ஒவ்வொன்றாய் அவள் கையோரம் வைத்து, நகர்த்தி, வைத்து,
கடைசியில் நாங்களும் தெருவுக்கு இறங்கினோம்.
வெயிலில் அந்தக் கை
இரண்டாம் டிகாஷனில் பால் ஊற்றி
இன்னும் ஆற்றாத நேரம்.
அதற்கு மில்லில் எண் இல்லை.

வெள்ளை நெட் இரண்டு மீட்டரை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
குண்டான் நிறைய டிகாஷன் இறக்கி வைத்து
சாயம் பிடிக்க வினிகர் வாங்கப் போன நேரத்தில்
வீட்டுக்காரர் வந்திருக்கிறார்,
துறைமுக வாசலில் கன்டெய்னரோடு
மூன்று நாள் வரிசையில் நின்றுவிட்டு.
தனக்குத்தான் என்று நினைத்து
இருந்த சர்க்கரையெல்லாம் கொட்டி
ஒரு சொம்பு மொண்டு குடித்தும் விட்டார்.
"நல்லாத்தான் கீது. பால்தான் பத்தல."

அதிலேயே முக்கினேன் முதல் மீட்டரை.
மறுபடி பொடி வாங்கி, மறுபடி இறக்கி,
இரண்டாவதை மூன்று தடவை.
ஒவ்வொரு தடவையும் என் கையில் வைத்துப் பார்த்து
என்னைவிட அவள் ஒரு சொட்டு கறுப்பு என்று
ஞாபகம் வைத்து.

புதன்கிழமை வந்தாள். கையில் போர்த்திப் பார்த்தாள்.
நெட் எங்கே முடிகிறது என்று விரலால் தேட வேண்டியிருந்தது.
முகர்ந்தாள்.
"காப்பிக்குத் தனியா காசா?"
பாய் என்னைப் பார்த்தார். நான் கத்தரிக்கோலைப் பார்த்தேன்.

மிச்சமான முதல் மீட்டரை
பன்னிரண்டுக்கும் பதினாலுக்கும் நடுவில் செருகி வைத்திருந்தேன்.
இன்று கடை திறந்ததிலிருந்து
பாய் கத்திக்கொண்டிருக்கிறார்.
மார்பு உயரத் தட்டில்
எறும்பு.