ஏழுக்கு அடுத்து

கயிறுகளை வாளியில் அலசினோம், சோப்பு போடாமல்.
நன்மங்கலம் கல்குவாரியின் பச்சைத் தண்ணீருக்கு மேலே
மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம்
சக்கரத்தை நீட்டிக்கொண்டு போனது.
ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

பெனடிக்ட் கொக்கிகளை எண்ணினான்.
ஹெல்மெட்டுகளை எண்ணினான்.
பிறகு எங்களை.
"நம்பர்!" என்றான், கடைசித் தடவையாக.

ஒன்று, ரஹமத்துல்லா.
நேற்று இதே பாறையில் பாதியில் தொங்கியபடி
பெண்டாட்டியின் பேரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டவன்.
எதற்கென்று எங்களுக்குத் தெரியாது.
இரண்டும் மூன்றும் தூக்கக் கலக்கத்தில்.
நான்கு, குலோத்துங்கன், வாயில் பற்பசை நுரையோடு.
ஐந்து. ஆறு.
ஏழு நான்:
வணிகவரி அலுவலகம், மூன்றாம் மாடி,
நாற்பத்தொரு வயது,
இடது பெருவிரல் நகம் கறுத்துப்போய்.

பிறகு ஒரு மூச்சளவுக்கு ஒன்றுமில்லை.
பிறகு ஒன்பது.

எட்டு, ப்ரிஸில்லா.
அடிபடவில்லை, காய்ச்சலும் இல்லை.
நாலாம் நாள் காலையில், ஆந்திர எல்லைக் காட்டின் ஓடையில்
கால் நனைத்துக்கொண்டே "எனக்குப் போதும்" என்றாள்,
நாலு இட்லிக்கு மேல் வைக்க வருகிறவரிடம் சொல்வதுபோல.
ஜீப் வந்தது.
அவள் கையாட்டவில்லை, நானும்தான்.
மூன்று ராத்திரி குறட்டை விட்டு
என் தூக்கத்தைத் தின்றவள்.
போன பிறகு கூடாரத்துக்குள்
சிள்வண்டுகள் அவ்வளவு சத்தமாக இருந்தன.

அன்று மாலை பெனடிக்ட்
"ஒன்பது இனிமே எட்டு, பத்து இனிமே ஒன்பது" என்று
மாற்றிப் பார்த்தான்.
எவருக்கும் வாய் வரவில்லை.
இருட்டில் ஆற்றைக் கடந்து கரையேறி எண்ணும்போது
வரிசை அதே இடத்தில் தடுக்கியது.
அதற்கப்புறம் அவனும் விட்டுவிட்டான்.
பதினொரு குரல், நடுவில் ஒரு பள்ளம்.
அதைத் தாண்டி அடுத்த எண் வரும்வரை
பின்னால் இருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது
எனக்கு உறுதியில்லை.

துணிப்பையிலிருந்து போன்கள் திரும்பி வந்தன.
எல்லாம் ஒரே நேரத்தில் துடிக்க ஆரம்பித்தன,
பை கூசி நெளிந்தது.
குழுவுக்கு என்ன பேர் வைப்பது என்று சண்டை.
சான்றிதழ் கொடுத்தார்கள்;
என் பேரில் ஒரு துணைக்கால் குறைவு.
கடைசியில் ஒன்று மிஞ்சியது,
முன்கூட்டியே அச்சடித்துவிட்டதால்.
'வெற்றிகரமாக முடித்தார்' என்று போட்டு, அவள் பேர்.

"கிழிச்சிடவா?" என்றான் பெனடிக்ட்.
"குடு, எங்க தெருதான் அவ" என்று
பொய் சொல்லி வாங்கிக்கொண்டேன்.
அவள் வீடு தாம்பரத்திலா திருவொற்றியூரிலா,
கேட்டதே இல்லை.

மேடவாக்கத்தில் ஷேர் ஆட்டோ.
மெட்ரோ தூண்களுக்கு நடுவே சிமெண்ட் தூசி.
என் நாற்றத்துக்கு ஒரு பெண் துப்பட்டாவை மூக்கில் வைத்தாள்.
அவளிடமிருந்து வந்த ஷாம்பூ வாசனை
எனக்குத் தலைசுற்றியது.
நடத்துநர் இல்லை, முன்னால் போகிறவர் இல்லை,
பின்னால் யாருக்கும் நான் கை கொடுக்க வேண்டியதில்லை.
இறங்கும்போது பழக்கத்தில்
"கல் இருக்கு, பாத்து" என்றேன்.
கல் எதுவும் இல்லை.

வேளச்சேரி ஸ்டேஷன் படிக்கட்டில்
அவித்த பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
பத்து கேட்டேன்.
எண்ணிப் போட்டாள்:
"லாபம்... ரெண்டு... மூணு..."
மேலே ரயில் வந்து நின்ற சத்தம்.
"அஞ்சு... ஆறு..."

"ஏழு!"
அத்தனை பேரும் திரும்பும்படி
கத்தியது நான்தான்.
குதிகால் இரண்டும் சேர்ந்திருந்தன.

அவள் கையில் கிழங்கோடு என்னைப் பார்த்தாள்.
நான் காத்திருந்தேன்,
அந்த ஒரு மூச்சளவு.

"எட்டு" என்றாள்,
நார் தொங்கும் ஒன்றைப் பைக்குள் போட்டு.
"ஒம்போது. பத்து.
சில்லறையா குடும்மா."