குறைதீர்க்கும் அலுவலர்

ஐந்து ரோட்டில் பேட்டரிக் கடைக்கு மேல்மாடி.
ஆசிரியர் நான், பாதி நிருபர் நான்,
கரண்ட் பில் கட்டுவதும் நான்.
விதி கேட்டதால் தளத்தின் அடியில்
இன்னொரு வரி சேர்த்தோம்:
குறைதீர்க்கும் அலுவலர், அ. ஜெசிந்தா.
அதுவும் நான்தான்.
ஆடிட்டர் சிரித்தார்.
உங்கள்மேல் உங்களிடமே புகார் வந்தால்
நாற்காலி மாறி உட்காருவீர்களா?

ஒரே வாரத்தில் இரண்டு வந்தன.

முதலாவது பதிவுத் தபாலில்.
ஏற்காட்டில் விடுதி கட்டுகிறவரின் வக்கீல்.
ராத்திரியில் பாறைக்கு வெடி வைத்த செய்தியை
முப்பத்தாறு மணி நேரத்துக்குள் நீக்கு,
இல்லையேல் ஐம்பது லட்சம்.
செய்தி சரி. படம் இருக்கிறது, தேதியோடு.
நீக்கவில்லை.
அன்று இரவு தட்டுவடை செட் வாங்கிவந்தான் சசிதரன்.
பீட்ரூட் துருவலும் காரச் சட்னியுமாக
பத்திரிகைச் சுதந்திரம்
வாயில் மொறுமொறுத்தது.

இரண்டாவது ஒரு குரல் பதிவு. பத்தொன்பது நொடி.
"நாகலூருங்க. பொன்னுரங்கம்.
வேன் கவுந்துச்சே, அதை ஓட்டுனவன்.
நான் குடிக்கிறதில்லீங்க.
அதை மட்டும் எடுத்துடுங்க."
பின்னால் தகரத்தில் மழை.

பதிமூன்றாம் கொண்டை ஊசி வளைவு.
நாங்கள் போட்டிருந்தது:
'ஓட்டுநர் மதுபோதையில் இருந்ததாகக் கூறப்படுகிறது.'

கூறியது யார்?
என் நோட்டைப் புரட்டினேன்.
அடிவாரத்து டீக்கடையில் ஒருவர்
"இருக்கும்" என்றிருக்கிறார்.
இருக்கும் என்பதை இருந்ததாக ஆக்கி
'கூறப்படுகிறது' போட்டுத் தாழிட்டேன்.
வக்கீல் நோட்டீஸ் நுழையாத சொல்.
பதினோரு வருடமாக அதற்குள்தான்
வாடகையில்லாமல் குடியிருக்கிறேன்.

ஆளை ஒளித்தெழுத ஏதுவானது செயப்பாட்டுவினை.
நான் எழுதியது அதில்தான்.
மலைமேல் ஒரு வீட்டில்
அது செய்வினையாக இறங்கியிருக்கிறது.
எஸ்டேட்டில் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.
சம்பந்தி வீட்டில் எவனோ போனைத் திறந்து
எல்லோருக்கும் கேட்கப் படித்தான்.

சட்டம் எனக்குப் பதினைந்து நாள் தருகிறது.
எனக்கு மேலே ஒரு சங்கம், அதற்கும் மேலே தில்லி.
படிகள் தெரிந்தவர் வக்கீலோடு வருவார்.
தெரியாதவர் பத்தொன்பது நொடியில் முடித்துக்கொள்வார்.
நான் சும்மா இருந்தாலும்
ஏன் என்று கேட்க ஆளில்லை.

பன்னிரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனை நகல் கிடைத்தது.
மது இல்லை.

'தவறு நேர்ந்தமைக்கு வருந்துகிறோம்' என்று தட்டினேன்.
நேர்ந்ததாம்.
கோடை மழை மாதிரி, தானாக.
அழித்தேன்.
செய்தியையே தூக்கிவிடலாமே என்றான் சசிதரன்.
தூக்கலாம்.
சொன்னது மறையும், சொன்னவளும் சேர்ந்து மறைவாள்.

பழைய வரியின் குறுக்கே கோடு போட்டு
கீழே எழுதினேன்:
'பொன்னுரங்கம் குடித்திருக்கவில்லை.
விசாரிக்காமல் எழுதியது நான். அ. ஜெசிந்தா.'

செய்தியைப் படித்தவர்கள் இரண்டு லட்சத்துச் சொச்சம்.
திருத்தத்தை, இந்த நேரம் வரை, நாற்பத்தொன்று.
அதில் ஆறு முறை திறந்தது நானே.

மாதக் கடைசி. பதிவேட்டை நிரப்ப வேண்டும்.
கடைசிக் கட்டம்: குறை தீர்ந்ததா?
வக்கீலுக்கு நேரே 'இல்லை' போட
ஒரு நொடி ஆகவில்லை.
அடுத்த வரியில்
பேனா நிற்கிறது.
கீழே கடையில்
எவனுடைய பேட்டரியோ சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.